மூவர் பெயர் சுமக்கும் கனிமம்

புதிய கனிமம் என்றால் புதிய தனிமம் என்றே அன்பர்கள் பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல; பழைய தனிமங்களே புதிய விகிதத்தில், புதிய அணு அடுக்கில் அமைந்தால் போதும். இதற்கு நான் காட்டும் உதாரணம் ஆர்மால்கோலைட்.

1969-இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த நிலவுப் பாறைகளில், எரிகுழம்பு உறைந்த பசால்ட்டில், நுண்மணிகளாக இது கிடைத்தது. எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி ஆராய்ந்ததில் இரும்பு, மக்னீசியம், டைட்டானியம், ஆக்சிஜன் தெரிந்தன. நம் மணவாளக்குறிச்சி மணலின் இல்மனைட்டிலும் இரும்பும் டைட்டானியமும் உண்டே! ஆனால் அங்கே டைட்டானியம் ஒன்றுக்கு ஆக்சிஜன் மூன்று. இங்கே இரண்டுக்கு ஐந்து. எக்ஸ் கதிர்ச் சோதனையில் அணு அடுக்கும் வேறென்று உறுதியாயிற்று. ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் பெயர்களின் முன்பகுதிகளைக் கோத்து 1970-இல் பெயரிட்டார்கள்.

மெதுவாகக் குளிர்ந்தால் இக்கனிமம் இல்மனைட்டாகவும் ரூட்டைலாகவும் பிரிந்துவிடும். குழம்பு சட்டென்று உறைந்ததால்தான் தப்பியது. பின்னர் பூமியிலும், அமெரிக்காவின் மொண்டானா எரிமலைப் பாறையில், அகப்பட்டது.