ஊர்ப் பொது நிலத்தில் தேனீக்களுக்கு மேய்ச்சல்

தேனீ வளர்க்கும் அங்கத்தினர் பெட்டியைத் தமது தோட்டத்தில் வைக்கிறார். ஆனால் தேனீயின் மேய்ச்சல் அவருடைய வேலிக்குள் அடங்குவதில்லை. நமது இந்தியத் தேனீ இரை தேடிப் பெட்டியிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம் வரையிலும் செல்லும். ஆகையால் பெட்டி ஒருவருடைய சொத்தாயினும் மேய்ச்சல் ஊர் முழுவதற்கும் பொதுவானது. அதனை ஊரார் ஒன்றுகூடி உண்டாக்கும் வழியே இப்பாடத்தின் விஷயமாகும்.

1. மார்த்தாண்டம் கற்பிப்பது

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில், அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பாக 1920-களில் ஒரு கிராமப் புனருத்தாரண நிலையத்தை நடத்தினார். ஏழைக் குடியானவர்க்கு ஏற்ற உபதொழிலாகத் தேனீ வளர்ப்பு அங்கே கற்பிக்கப்பட்டது. பிற்காலத்தில் அத்தொழில் அவ்வட்டாரம் முழுவதும் பரவியது. மார்த்தாண்டம் தேன் 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றது.

அங்கே தேன் பெருகுவதற்கு முக்கிய காரணம் ரப்பர் தோட்டங்களே. ரப்பர் மரம் இலையுதிர்ந்து மீண்டும் தளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் இனிய நீர் கசிகிறது. மாசி, பங்குனி மாதங்களில் தேனீக்கள் அதனையே திரட்டுகின்றன. ஆனால் அச்சுரப்பில் மகரந்தம் கிடையாது. மகரந்தமின்றிப் புழுக்கள் வளரா. இலை முற்றியதும் சுரப்பும் நின்றுவிடும். பின்பு வரும் மழை மாதங்களே தேனீக்களின் பஞ்ச காலம். அப்பொழுது குடும்பம் மெலியும். உணவு அறவே இல்லையெனில் பெட்டியை விட்டுப் பறந்துவிடும். 1991, 1992-ம் ஆண்டுகளில் தாய்லாந்துப் பைப்புழு நோயால் தென்னாட்டில் எண்ணற்ற குடும்பங்கள் அழிந்ததை மூத்த அங்கத்தினர் மறந்திரார். நோய்க்கு விருக்ஷம் மருந்தன்று. எனினும் பட்டினியால் மெலியாத குடும்பமே எவ்விடரையும் தாங்க வல்லது.

இது சங்கத்தின் பணத்தையும் பற்றிய விஷயமாகும். கடன் வாங்கிப் பத்துப் பெட்டி வைத்த அங்கத்தினர், ஆவணியில் ஆறு பெட்டி காலியானால் தவணையை எதைக் கொண்டு செலுத்துவார்?

2. பஞ்சாங்கம் பார்த்து நடுக

மரத்தின் அழகை மட்டும் பார்த்து நடுதல் போதாது. எம்மாதத்தில் ஊரில் பூ இல்லையோ, அம்மாதத்தில் பூப்பதைத் தேடி நட வேண்டும். மாதங்கள் இடத்திற்கும் மழைக்கும் ஏற்பச் சிறிது மாறுமாயினும், பொதுவாகக் கொள்ளத்தக்கவை பின்வருமாறு:

பங்குனி, சித்திரை: வேம்பு, நாவல்.
சித்திரை, வைகாசி: புங்கம்.
வைகாசி, ஆனி: புளி.
ஆவணி, புரட்டாசி: இலந்தை.
ஐப்பசி முதல் மார்கழி வரை: மழைக்குப்பின் தானே முளைக்கும் தும்பை.
ஆண்டின் பெரும்பகுதி: தென்னை, நொச்சி, துளசி, கொடிரோஜா.

ஆவாரம் பூவில் தேன் இல்லை, மகரந்தமே உண்டு. எனினும் தச்சு வண்டு முதலிய காட்டு வண்டினங்கள் அதனை நாடி வரும். அடுக்கு இதழுள்ள ஒட்டு ரோஜா கண்ணுக்கு விருந்தாயினும் தேனீக்கு அதிகம் பயன்படாது. ஆப்பிரிக்கத் துலிப் மரத்தின் பூவில் கொசுத்தேனீக்கள் இறந்து கிடப்பது பல நாடுகளிலும் காணப்பட்டுள்ளது. ஆதலின் அதனை நடாதிருத்தல் நலம்.

3. எங்கே நடுவது

சாலையோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் புங்கம். ஏரிக்கரையின் சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்தும் நொச்சி. கோயில் நந்தவனத்தில் தென்னையும் துளசியும். பள்ளி முற்றத்தில் வேம்பு. ஊருக்கு வெளியேயுள்ள தரிசில் ஆவாரை. இலந்தைக்கு முள் உண்டாகையால் சிறுவர் நடமாடாத இடமே தக்கது. மண்ணில் வளை தோண்டி வாழும் வண்டுகளும் உண்டு. அவற்றிற்காகச் சிறிது வெற்று நிலத்தைக் கிளறாது விட வேண்டும்.

தேனீ வளர்க்காதவருக்கு இதனால் என்ன லாபம் என்று சிலர் கேட்கக்கூடும். பூசணி, பீர்க்கு, புடலை முதலிய கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. வண்டு வந்து மகரந்தம் சேர்க்காவிடில் பிஞ்சு வெம்பி உதிரும். சூரியகாந்தியில் மணி பிடிப்பதற்கும் தேனீ துணை செய்கிறது. தேன் ஒருவர் வீட்டிற்குச் சென்றாலும் விளைச்சல் பலர் வயலில் தங்குகிறது.

4. யார் காப்பது

சென்னையில் கே.கே. நகர் போன்ற பகுதிகளில் பூங்காக்களும் சாலை மரங்களும் மாநகராட்சியின் பராமரிப்பில் இருக்கின்றன. கிராமத்திலோ கன்று நடும் நாளில் கூட்டம் சேரும். கோடையில் நீர் வார்க்க ஆள் இராது. நட்ட கன்று பட்டுப்போவது பெரும்பாலும் முதல் இரண்டு கோடைகளிலேயே. ஆகையால் எத்தனை கன்றுக்கு நீர் வார்க்க இயலுமோ அத்தனையே நடுக. ஒவ்வொரு கன்றையும் ஓர் அங்கத்தினர் பெயரில் பதிவு செய்க. கூண்டுச் செலவைச் சங்க விதிகள் இடங்கொடுக்குமாயின் பொதுநல நிதியிலிருந்து பெறலாம். இடத்திற்குப் பஞ்சாயத்தின் சம்மதம் வேண்டும். ஆகஸ்டு 15-ந் தேதி கூடும் கிராம சபையில் தீர்மானம் பெற்றால் ஐப்பசி மழைக்கு முன் குழி வெட்டிவிடலாம்.

பூச்சிமருந்து அடிப்பவர் முந்திய நாளே அண்டை வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும். பூத்திருக்கும் பயிருக்கு மருந்தடிப்பதைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க இயலாவிடில், தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பிய பின் மாலையில் அடிப்பது நன்று.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டியவை

1. நமது ஊரில் எந்த மாதத்தில் பூ மிகக் குறைவு?
2. சென்ற ஆண்டு எத்தனை பெட்டிகள் காலியாயின? எம்மாதத்தில்?
3. பஞ்சாயத்து நிலங்களில் கோடையிலும் நீர் கிட்டும் இடங்கள் எவை?
4. இரண்டு கோடைகளுக்கு நீர் வார்க்கப் பொறுப்பேற்பவர் யார் யார்?

நான்காம் கேள்விக்குப் பெயர்கள் கிடைத்த பின்னரே கன்று வாங்கப் பணம் எடுக்கலாம்.