ஒற்றைக் குண்டும் துப்பாக்கிக் குழலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிலாங்கூர் செம்பனைத் தோட்டங்களில் இளங்கன்றுகளை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட, 12 போர் ஷாட்கன் ஏற்ற ஆயுதம். ரவைத் தோட்டாவுக்குப் பதில் ஸ்லக் எனும் ஒற்றை ஈயக்குண்டைப் போட்டால், குறி அமைவது குண்டும் குழலும் பொருந்துவதைப் பொறுத்தது.

நம்பிக்கை: குண்டின் மேலுள்ள சாய்வரிகள் அதைச் சுழற்றி நேராகச் செலுத்தும்.
உண்மை: அவற்றால் கிடைக்கும் சுழற்சி மிகச் சிறிது. குழல் முனை குறுகும் இடத்தில் ஈயம் நசுங்கி வெளியேற அவை இடம் தருகின்றன. அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர் 1931-இல் வடிவமைத்த குண்டு, முன்பக்கம் கனமாகவும் பின்பக்கம் குடைவாகவும் இருப்பதால் இறகுப்பந்து போலத் தலை முன்னே பறக்கிறது. ஜெர்மானியரான வில்ஹெல்ம் பிரென்னெக்கே 1898-இல் உருவாக்கிய குண்டில், பின்னால் பிணைத்த அடைப்பு வால்போல நின்று அதை நேராக்குகிறது. இரண்டும் வரியில்லாத வழுவழுப்பான குழலுக்கு உரியவை.

நம்பிக்கை: விலை கூடிய சாபோ குண்டு எந்தத் துப்பாக்கியிலும் சிறக்கும்.
உண்மை: அதன் பிளாஸ்டிக் உறை குழலின் சுருள்வரிகளைப் பற்றிக்கொண்டால்தான் குண்டு சுழலும். வழுவழுப்பான குழலில் சுழற்சி கிடைக்காமல் அது தலைகுப்புறப் புரளக்கூடும். மாறாக, ஃபாஸ்டர் குண்டைச் சுருள்வரிக் குழலில் சுட்டால் வரிகளில் ஈயம் படிந்து குறி கெடும். வழுவழுப்பான குழலில் 50 முதல் 70 மீட்டர் வரை நம்பலாம். சுருள்வரிக் குழலும் சாபோவும் சேர்ந்தால் 100 மீட்டரைத் தாண்டலாம்.

நம்பிக்கை: முனை இறுகிய ஃபுல் சோக் குழல் குறியைக் கூர்மையாக்கும்.
உண்மை: இறுக்கம் ரவைகள் சிதறாமல் காக்கவே பயன்படும். ஒற்றைக் குண்டை அது நசுக்கி உருக்குலைக்கும். இறுக்கமே இல்லாத சிலிண்டர் சோக், அல்லது சற்றே இறுகிய இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக் பொருந்தும்.

நம்பிக்கை: குழல் நீண்டால் குறி தப்பாது.
உண்மை: ஏறக்குறைய அரை மீட்டருக்குள் மருந்தின் பெரும்பகுதி எரிந்துவிடும், அதற்கு மேல் வேகம் அதிகம் கூடுவதில்லை. முனைமணியை மட்டும் பார்த்துச் சுடுபவருக்கு நீளம் சிறிது உதவும். பின்குறியும் பொருத்திய குட்டைக் குழல் அதைவிட மேல்.

நம்பிக்கை: ஒரே போர் அளவு என்றால் எந்த நிறுவனத் தோட்டாவும் ஒன்றுதான்.
உண்மை: ஒவ்வொரு குழலுக்கும் ஒத்துப்போகும் தோட்டா வேறு. அனுமதி பெற்ற சுடுதளத்தில், 50 மீட்டரில் தாள் கட்டி, ஒரே வகையில் மூன்று தோட்டாக்களைச் சுட வேண்டும். மூன்றும் நெருங்கி விழும் வகையைத் தேர்ந்த பிறகே குறியைத் திருத்த வேண்டும். வகை மாறினால் சோதனையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

நம்பிக்கை: தவறிய குண்டு சற்றுத் தூரத்தில் விழுந்துவிடும்.
உண்மை: அது பல நூறு மீட்டர் சென்றும் ஆளைக் கொல்லும். சமதளமான தோட்டத்தில் மரவரிசைக்கு அப்பால் பாதையும் வீடுகளும் இருக்கும். கம்போங் மேடான் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் சுடுவதற்கு இடமே இல்லை. பின்னால் மண்மேடு இல்லையெனில் விசையைத் தொடக்கூடாது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1960 ஆயுதச் சட்டத்தின்படி போலீஸ் உரிமமும், வேட்டைக்கு 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமமும் கட்டாயம்.