விசுவாசம் கொடையா, கடனா?

சாஆவின் தேநீர்க் கடைகளில் காற்பந்துப் பேச்சு எழாத நாள் அரிது. பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் கழகம் மாறினார் என்ற செய்தி வந்துவிட்டால் போதும். "உண்ட வீட்டை மறந்தவன், பணத்துக்கு விலைபோனவன்" என்று ஒரு சாரார் ஏசுவர். "நாலு காசு கூடக் கிடைக்குமிடத்துக்குப் போவதில் என்ன குற்றம்?" என்று மறு சாரார் மடக்குவர். இந்தச் சச்சரவு திடலோடு நின்றுவிடுமாயின் நாம் இதைப்பற்றி எழுத வேண்டியதில்லை. உறவினர் கடையில் வேலை பார்த்த பிள்ளை அதிகச் சம்பளம் நாடிச் சிங்கப்பூருக்குப் போகும்போதும் இதே ஏச்சுத்தான் நம் வீடுகளில் எழுகிறது. ஆகவே, விசுவாசம் என்பது யாது, அதை யார் யாரிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

நம் மாநிலத்திலிருந்தே தொடங்குவோம். ஜொகூர் டாருல் தாக்சிம் கழகம் 2013-ஆம் ஆண்டில் அப்பெயருடன் புதுவடிவம் பெற்றபோது, நாட்டின் முன்னணி ஆட்டக்காரர் பலரை நல்ல சம்பளம் கொடுத்து அழைத்துக்கொண்டது. பலனை யாவரும் அறிவர். 2014 முதல் 2024-25 பருவம் வரை சூப்பர் லீக் பட்டம் ஒருமுறையும் கைநழுவவில்லை. 2015-இல் ஏ.எப்.சி. கிண்ணமும் ஜொகூருக்கு வந்தது. நெகிரி செம்பிலானுக்கும் பின்னர் சிலாங்கூருக்கும் ஆடிய எஸ். குணாளன் 2014-இல் நம் பக்கம் வந்தபோது நாம் கைதட்டி வரவேற்றோம். அவரை நம்மில் யாராவது துரோகி என்றோமா? இல்லை. வருகிறவரை அறிவாளி என்று புகழ்ந்துவிட்டு, போகிறவரை மட்டும் நன்றி கெட்டவர் என்று இகழ்வது நீதியாகாது. செயல் ஒன்றே, நாம் நிற்கும் பக்கந்தான் வேறு.

இவ்வழக்கு நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் இடங்களுள் ஒன்று அமெரிக்கக் கூடைப்பந்து லீக்காகும். அங்கே ஒரு காலத்தில் ஆட்டக்காரருக்குப் போகும் உரிமையே கிடையாது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும் உரிமையைக் கழகம் வைத்திருந்தது. வேறு கழகம் எவ்வளவு கொடுக்க முன்வந்தாலும் அவர் போக முடியாது. ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராயிருந்த ஆஸ்கார் ராபர்ட்சன் 1970-இல் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1976-இல்தான் சமரசம் ஏற்பட்டு அக்கட்டு தளர்ந்தது.

கட்டிப்போட்ட உழைப்பு இன்னதென்று மலாயாத் தமிழருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் முன்னோரைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல்தான் நிறுத்தப்பட்டது. போக வழியில்லாதவன் தங்கியிருப்பதை விசுவாசம் என்று எப்படிச் சொல்வது? கதவு திறந்திருக்கும்போது தங்குகிறவனிடத்தில்தான் அந்தக் குணம் இருக்கிறதா என்று பார்க்க முடியும்.

அவ்வாறு கதவு திறந்த பின் என்ன நடந்தது? இரண்டு பேருடைய வரலாற்றைப் பார்ப்போம்.

முதலாமவர் ஹக்கீம் ஒலாஜுவான். நைஜீரியாவில் பிறந்த முஸ்லிம். 1995-ஆம் ஆண்டு ரமலானில் நோன்பு நோற்றுக்கொண்டே ஆடி, அந்த பிப்ரவரி மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் எனத் தேர்வு பெற்றவர். ஹூஸ்டன் கழகத்துக்காக 1984 முதல் 17 பருவங்கள் ஆடி, 1994-இலும் 1995-இலும் பட்டம் வென்று கொடுத்தார். அவர் 2001-இல் ஹூஸ்டன் கொடுக்க வந்த 1 கோடியே 30 இலட்சம் டாலரை மறுத்து, மூன்றாண்டுக்கு 1 கோடியே 80 இலட்சம் டாலர் என்ற ஒப்பந்தத்தில் டொரோண்டோவுக்குச் சென்றார். அவரை ஹூஸ்டன் தூற்றிற்றா? அவர் அணிந்த 34-ஆம் எண்ணை இனி எவரும் அணியலாகாதென்று 2002-இல் எடுத்து வைத்து மரியாதை செய்தது. பதினேழாண்டு உழைப்பை இறுதி ஆண்டின் கணக்கு அழித்துவிடவில்லை.

மற்றவர் ஜெர்மானியரான டிர்க் நோவிட்ஸ்கி. 1998 முதல் 2019 வரை 21 பருவங்கள் டல்லாஸ் கழகம் ஒன்றுக்கே ஆடினார். 2013-14 பருவத்துக்கு மட்டும் 2 கோடியே 20 இலட்சம் டாலருக்கு மேல் பெற்ற அவர், 2014-இல் மூன்று பருவங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடியே 50 இலட்சத்துக்கு இசைந்தார். பிற கழகங்கள் இதைவிடப் பன்மடங்கு கொடுக்கக் காத்திருந்தன. அந்த லீக்கில் ஒரு கழகம் சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கு வரம்பு உண்டாகையால், தாம் குறைத்துக்கொண்டால் நல்ல துணையாட்டக்காரர்களைச் சேர்க்க இடமுண்டாகும் என்பதே அவர் கருத்து. போற்றத்தக்க செயல். ஆனால் அது கொடை. கொடுக்க இருப்பவர், தாமாக மனமுவந்து கொடுத்தது. ஒருவர் கொடுத்தார் என்பதற்காக, குடும்பத்தைத் தாங்கும் இளைஞனிடம் அதையே கடனாக வசூலிக்கப் புறப்படலாமா?

இனி முதலாளிகளின் பக்கம் பார்ப்போம். டொரோண்டோவில் ஒன்பது பருவங்கள் ஆடி, அங்கேயே இருக்க விரும்பியவர் டிமார் டிரோசன். 2018-இல் கழகம் அவரை வேறோர் ஊருக்கு மாற்றிக்கொடுத்து, வேறு ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டது. மறு ஆண்டே அக்கழகம் பட்டம் வென்றது. "வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம்" என்றார்கள். கழகம் செய்தால் வியாபாரம், ஆட்டக்காரர் செய்தால் துரோகமா? அளவுகோல் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

அப்படியாயின் விசுவாசம் என்பதே வேண்டாமா என்று சிலர் வினவலாம். வேண்டும். ஆனால் அதில் கொடை எது, கடன் எது என்று பிரித்தறிய வேண்டும். ஒப்புக்கொண்ட காலம் முடியும் வரை முழு மனத்தோடு உழைப்பது கடன். பேசிய சம்பளத்தைப் பேசிய நாளில் கொடுப்பதும் கடன். காலம் முடிந்த பின்னும் குறைந்த கூலிக்கு உடனிருப்பது கொடை. கொடையைக் கேட்டு வாங்குவதும், கடனைக் கொடை போல் காட்டிக்கொள்வதும் தவறு.

உலகக் காற்பந்துச் சங்கத்தின் விதியும் இதை ஒட்டியே அமைந்திருக்கிறது. ஒப்பந்தம் மதிக்கப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. கடைசி ஆறு மாதத்தில் வேறு கழகத்தோடு பேச ஆட்டக்காரருக்கு அனுமதியுண்டு. இரண்டு மாதச் சம்பளம் பாக்கியானால், 15 நாள் கெடு வைத்து எழுதிக் கேட்டு, அப்போதும் கொடாவிடில் விலகிக்கொள்ளலாம் என்பது 2018-இல் சேர்க்கப்பட்டது. நம் நாட்டுக் கழகங்கள் சில மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி வைத்து ஆட்டக்காரர்களின் குடும்பங்களைத் தவிக்கவிட்ட செய்திகளைப் படித்தவர்க்கு, அவ்விதி ஏன் வந்ததென்று விளங்கும். சம்பளம் கொடாத கழகம் விசுவாசத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றது.

இப்போது நம் கடைக்கும் உணவகத்துக்கும் வருவோம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டுமென்கிறது. எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லையேல், இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் நான்கு வாரமும், ஐந்தாண்டுக்கு உட்பட்டவர் ஆறு வாரமும், அதற்கு மேற்பட்டவர் எட்டு வாரமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. முதலாளி நீக்குவதானாலும் அதே கணக்குத்தான். ஊரிலிருந்து வந்த வேலையாளின் கடப்பிதழை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, "நம் பையன் எங்கும் போகமாட்டான்" என்று பெருமை பேசுவோரும் நம்மில் உண்டு. அது விசுவாசத்தின் அடையாளமன்று. 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி அது குற்றம். பிறர் பொருளை அமானிதமாகக் காக்கக் கற்ற நமக்கு அது அழகுமன்று.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். அதிகச் சம்பளம் தேடிப் போவதில் தவறில்லை. ஆனால் பெருநாள் நெருக்கடியில், சொல்லாமல் கொள்ளாமல் கடையை விட்டுப் போவது தவறு. முன்கூட்டியே சொல்லுங்கள். கடைசி நாள்வரை முதல் நாளைப் போலவே வேலை செய்யுங்கள். கணக்கைத் தீர்த்து, தொழில் கற்றுக்கொடுத்தவரிடம் ஸலாம் கூறி விடைபெறுங்கள்.

முதலாளிமாரே, அப்பிள்ளை புறப்படும்போது பாக்கியில்லாமல் கொடுத்து, நல்வாழ்த்தோடு அனுப்பிவையுங்கள். அவ்வாறு போனவன் என்றைக்கேனும் ஊர் திரும்பும்போது முதலில் உங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்பான். அன்று அவன் காட்டும் அன்பு, நீங்கள் கேட்டு வாங்கியதாயிராது. அவனாகக் கொண்டுவந்த கொடையாயிருக்கும்.