கப்பலேறாத ஏற்றுமதி

ஒரு காலத்தில் காம்பார் என்றாலே ஈயம்தான். கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டி எடுக்கப்பட்ட ஈயம் உருக்கப்பட்டுக் கப்பலேறி வெளிநாடுகளுக்குச் சென்றது. 1985-ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் உலோகச் சந்தை ஈய வாணிபத்தை நிறுத்தியது. விலை சரிந்தது, சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இளைஞர்கள் வேலை தேடி வெளியூர்களுக்குப் புறப்பட்டனர். கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளில் நீர் நிறைந்து குளங்களாயின.

அக்குளங்களுக்கு அருகில் 2007-ஆம் ஆண்டு துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் திறக்கப்பட்டது. இன்று காம்பார் விற்பது கல்வி. அதை எடைபோட முடியாது. பெட்டியில் அடைத்துச் சுங்க அதிகாரியிடம் காட்டவும் முடியாது. ஆயினும், அதுவும் ஏற்றுமதியாகலாம்.

எவ்வாறு? ஜொகூரிலிருந்து வந்த மாணவியும் இந்தோனேசியாவிலிருந்து வந்த மாணவியும் ஒரே விரிவுரையைக் கேட்பதாக எண்ணிப் பாருங்கள். முதலாமவர் கட்டும் கட்டணம் உள்நாட்டு வருமானம். இரண்டாமவர் கட்டுவதோ வெளிநாட்டிலிருந்து வந்த பணம். ஆகவே, அது மலேசியாவின் சேவை ஏற்றுமதி. கட்டணம் மட்டுமன்று, அவர் தரும் அறை வாடகையும், காம்பாரின் புகழ்பெற்ற கறிக்கோழி ரொட்டிக்குக் கொடுக்கும் பணமும் அந்தக் கணக்கில்தான் சேரும். ரொட்டிக் கடைக்காரர் தம்மை ஏற்றுமதியாளர் என்று ஒருநாளும் நினைத்திருக்கமாட்டார்! இதற்கு நேர்மாறாக, நம் வீட்டுப் பிள்ளை இந்தியாவில் மருத்துவம் பயின்றால் அது நமக்கு இறக்குமதி.

1995-இல் நடப்புக்கு வந்த உலக வாணிப அமைப்பின் சேவை ஒப்பந்தம், சேவை எல்லை தாண்டும் வழிகளை நான்காகப் பிரிக்கிறது. வாங்குபவர் சேவையைத் தேடி வருவது, மேலே கண்ட வழி. நாட்டிங்காம் பல்கலைக்கழகம் செமினியில் வளாகம் அமைத்திருப்பதைப்போல, விற்பவர் இங்கேயே நிறுவனம் தொடங்குவது மற்றொன்று. கோயில் திருப்பணிக்காகத் தமிழ்நாட்டுச் சிற்பிகள் சில மாதங்கள் இங்குத் தங்கிக் கோபுர வேலை செய்கிறார்களே, அது இன்னொன்று. எவருமே பயணம் செய்யாமல், சேவை மட்டும் இணையத்தின்வழி வருவதும் உண்டு. அத்தகைய வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரி முதல் மலேசியா சேவை வரி விதித்து வருகிறது.

இவ்வழிகளுக்கு இடையிலான வேறுபாடு ஓர் ஊரின் பிழைப்பையே மாற்றிவிடும். 2019-இல் 26.1 மில்லியன் சுற்றுப்பயணிகள் மலேசியாவுக்கு வந்தனர். பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்ட 2020-இல் அந்த எண்ணிக்கை 4.3 மில்லியனாகச் சுருங்கியது. சுற்றுலாவை இணையத்தில் விற்க இயலாது. கல்வியை விற்கலாம், வகுப்புகள் இணையத்திற்கு மாறின. தம் நாட்டில் இருந்தபடியே பாடம் கேட்ட மாணவரின் கட்டணம் பல்கலைக்கழகத்திற்கு வந்தது. அவர் காம்பாரில் கொடுத்திருக்கக்கூடிய அறை வாடகையும் ரொட்டிக் காசும் வரவில்லை.