விரைவூர்தி வலவர்

சென்னையினின்று பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்பூதூரை அடைவதற்குச் சிறிது முன்னர், இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊர் அமைந்துள்ளது. 'இருமை' என்னும் சொல் பெருமையையும் கருமையையும் குறிக்கும். ஆதலின் இருங்காடு என்பதற்குப் பெருங்காடு என்றேனும், இருண்ட காடு என்றேனும் பொருள் கொள்ளலாம். இன்று அங்கே காட்டையும் காணோம், கோட்டையையும் காணோம். சிப்காட் தொழிற்பேட்டையின் கூரைகளே கண்ணுக்கெட்டிய தொலைவு வரையில் தோன்றுகின்றன. கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனத்தார் அங்கு அமைத்த ஆலையில் 1998ஆம் ஆண்டில் கார்கள் உருவாகத் தொடங்கின. பின்னாளில் ஒரகடத்திலும் ஊர்தித் தொழிற்சாலைகள் பல எழுந்தன. கார் செய்யும் ஆலை தோன்றுவதற்கு எட்டாண்டுகட்கு முன்னரே, காரை விரைந்து செலுத்துவதற்குரிய பந்தயத் தடம் ஒன்று அவ்வூரில் தோன்றிவிட்டது என்பதைப் பலர் அறியார்.

அத்தடத்தை அமைத்தவர் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் என்னும் கழகத்தார். அக்கழகம் 1953ஆம் ஆண்டில் தோன்றியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் அமைத்த விமானத் தளமொன்று போர் முடிந்தபின் வறிதே கிடந்தது. அதனையே கழகத்தார் நெடுங்காலம் பந்தயக் களமாகக் கொண்டனர். ஆனால் விமான ஓடுபாதை நேரானது. நேர்வழியில் வெல்வது பெரும்பாலும் எஞ்சினின் ஆற்றல். வளைவிலேயே செலுத்துவோன் திறம் வெளிப்படும். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமும் பன்னிரண்டு வளைவுகளும் உடையது. எவ்வளைவில் எப்போது தடையை அழுத்துவது, எப்போது விடுவது என்பதை உடம்பே அறியும் வரையில் பல்லாயிரம் முறை பழகுதல் வேண்டும்.

மாணவர்களே, தேர் செலுத்துவோனை வலவன் என்றும் பாகன் என்றும் நம் முன்னோர் வழங்கினர். வினைமுடித்து மீளும் தலைவன், கார்ப்பருவம் வந்தது கண்டு, தேரை விரைந்து செலுத்துமாறு பாகனை வேண்டுதல் முல்லைத்திணையில் பயின்று வரும் செய்தி. அங்குக் கார் என்பது மேகம். இங்குக் கார் என்பது ஊர்தி. இவ்வாறு இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்படும் என்று பண்டைப் புலவர் எண்ணியிரார்! வலவன் என்னும் அப்பழஞ்சொல்லையே நம் காலத்துப் பந்தய ஓட்டுநருக்கும் வழங்கலாம் என்பது என் கருத்து. அத்தகைய வலவர் ஒருவரின் தொழில் வாழ்வையே இப்பாடம் கூறுகின்றது.

நரேன் கார்த்திகேயன் 1977ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள் பிறந்தவர், கோயம்புத்தூரைச் சேர்ந்தவர். பஞ்சாலைகளுக்கும் நீரேற்றும் பம்புகளுக்கும் பேர்பெற்ற அந்நகரில் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுங் கலை வீட்டுக்கு வீடு உண்டு. நரேனின் தந்தையார் ஜி. ஆர். கார்த்திகேயன் தாமும் கார்ப் பந்தய வீரர். காடும் மேடுமான வழிகளில் நடக்கும் ராலிப் போட்டிகளில் நாட்டின் முதல்வராக விளங்கியவர். அதே நகரைச் சேர்ந்த கரிவர்தன் என்பார், மாருதிக் காரின் 796 கன சென்டிமீட்டர் எஞ்சினைக் கொண்டு ஒருவரே அமர்ந்து செலுத்தும் சிறு பந்தய ஊர்தியை வடிவமைத்தார். வெளிநாட்டுப் பந்தய ஊர்திகளை வாங்க இயலாத நம் இளைஞர்க்கு அதனால் வழி பிறந்தது. அவ்வகை ஊர்திகளுக்கென 'பார்முலா மாருதி' என்னும் பந்தயம் நடந்தது. பார்முலா என்பது ஊர்தியின் அமைப்புக்கென வகுத்த விதி என்று அறிக. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் அப்பந்தயத்தில் இறங்கிய நரேன், தம் முதற்போட்டியிலேயே முதல் மூவருள் ஒருவராக வந்தார்.

இங்ஙனம் தொடங்கியவர் உலகப் பந்தயங்களுள் தலையாயதாகிய பார்முலா ஒன்னில் இடம்பெறப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. 1992ஆம் ஆண்டில், பதினைந்தாம் வயதில், பிரான்சு நாட்டிலுள்ள பந்தயப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார். அடுத்த ஆண்டு மீண்டும் திருப்பெரும்பூதூர்ப் பக்கம் வந்து ஓட்டினார். அவ்வாண்டே இங்கிலாந்திலும் ஓட்டினார். 1996ஆம் ஆண்டில் பார்முலா ஆசியப் பட்டத்தை வென்றார். அதனை வென்ற முதல் இந்தியர் அவரே. பின்னர் இங்கிலாந்தின் பார்முலா மூன்று பந்தயங்களில் பங்குகொண்டு, 1999ஆம் ஆண்டில் பிராண்ட்ஸ் ஹாட்ச் என்னுமிடத்தில் வெற்றி பெற்றார். 2001ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஜாகுவார் குழுவினர் தம் பார்முலா ஒன் காரை அவரிடம் சோதனைக்கு அளித்தனர். இந்தியர் ஒருவர் அவ்வகைக் காரைச் செலுத்தியது அதுவே முதன்முறை.

சோதனை வேறு, வேலை வேறு. உலகில் அத்தொழிலுக்கு அன்று இருந்த இடங்கள் இருபதே. மேலும், பொருள் வலியற்ற சிறு குழுக்கள், ஓட்டுநர் தம்முடன் புரவலரையும் அழைத்து வருதலை எதிர்பார்க்கும். புலவனுக்குப் புரவலன் வேண்டியிருந்தது போலவே இவ்வலவனுக்கும் வேண்டியிருந்தது. டாட்டா நிறுவனத்தார் துணைநின்றனர். 2005ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஜோர்டன் குழுவில் நரேனுக்கு இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு அகவை 28.

காரை ஓட்டுதல் உட்கார்ந்து செய்யும் வேலைதானே என்று எண்ணுவோர் உளர். மணிக்கு 300 கிலோமீட்டர் விரைவில் செல்லும் ஊர்தியைத் தடைபோட்டு வளைவுக்குள் திருப்பும்போது, தலையின் எடையைப்போல் நான்கைந்து மடங்கு விசை கழுத்தைப் பற்றி இழுக்கும். தீப்பற்றாத கனத்த உடைக்குள் வெப்பம் மிகும். வெயில்மிக்க நாடுகளில் ஒரு பந்தயம் முடிவதற்குள் வியர்வையால் இரண்டு மூன்று கிலோ எடை குறைவதுண்டு. ஒன்றரை மணிநேரத்துக்கு மேலாக இந்நிலையில் கண்ணிமைப் பொழுதும் கவனம் சிதறலாகாது. அவ்வாண்டின் இறுதிப் பந்தயம் சீன நாட்டு ஷாங்காயில் நடந்தபோது நரேனின் கார் சுவரில் மோதிச் சிதைந்தது. அவர் தீங்கின்றி வெளிவந்தார்.

2005ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் தம் முதற்பந்தயத்தைப் பன்னிரண்டாம் இடத்திலிருந்து தொடங்கிப் பதினைந்தாம் இடத்தில் முடித்தார். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நிகழ்ந்ததே விந்தை. அவ்வாண்டின் விதிப்படி, பந்தயத்தின் நடுவே டயரை மாற்றலாகாது. அத்தடத்தின் இறுதி வளைவு சாய்வாக உயர்ந்தது. அங்கு மிச்செலின் நிறுவனத்தின் டயர்கள் விரைவைத் தாங்கா என்பது பயிற்சியின்போதே தெரியவந்தது. பேச்சுவார்த்தை பயன்தரவில்லை. அணிவகுத்துச் சென்ற இருபது கார்களில் மிச்செலின் டயர் பூண்ட பதினான்கும் பந்தயம் தொடங்குமுன் கொட்டகைக்குத் திரும்பின. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூண்ட ஆறே களத்தில் நின்றன. பார்வையாளர் வெகுண்டனர், சிலர் புட்டிகளைத் தடத்தில் எறிந்தனர். அக்கூச்சலினிடையே ஆறு கார்கள் ஓடின. பெராரிக் கார்கள் இரண்டும் முந்தின, நரேனின் குழுத்தோழர் மான்டீரோ மூன்றாமவர், நரேன் நான்காமவர். நான்காம் இடத்துக்கு ஐந்து புள்ளிகள். பார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற்புள்ளிகள் அவை. நரேன் பின்னர் ஓட்டிய பந்தயங்களில் அவருக்கு வேறு புள்ளி கிட்டவில்லை.

நரேன் பதிவு செய்த 48 பந்தயங்களில் உண்மையில் ஓட்டியவை 46. பெற்ற புள்ளிகள் ஐந்து. அவையும் அறுவரே ஓடிய ஒரு நாளில் வந்தவை. இக்கணக்கைக் கொண்டு அவரை எள்ளுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவ்வெற்றியை மலையாக உயர்த்திப் பேசுவோரும் உளர். இவ்விரு சாராரையும் யான் ஒப்பேன். பந்தயக் கணக்கில் ஓட்டுநரின் மதிப்பெண்ணும் காரின் மதிப்பெண்ணும் ஒன்றாகக் கலந்தே வருகின்றன. மெலிந்த குதிரை பூட்டிய தேரில் ஏறியவனை, வலிய குதிரை பூட்டியவனோடு நிறுத்துப் பார்த்தல் முறையாகாது. எனவே, கார்கள் நிகரானவையாய் இருந்த இடங்களில் அவர் செய்தது யாது என்று வினவுதலே நேர்மை.

அதற்கு விடை உண்டு. நாடுகளுக்கிடையே நடந்த ஏ ஒன் கிராண்ட் பிரீ என்னும் பந்தயத் தொடரில் எல்லா நாட்டினருக்கும் ஒரே வகைக் கார். அத்தொடரில் இந்தியக் குழுவுக்காக நரேன் 2007ஆம் ஆண்டு டிசம்பரில் சீனாவின் சூஹாய் தடத்திலும், 2008ஆம் ஆண்டு மே திங்களில் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்திலும் முதலாவதாக வந்தார். 2010ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அதே ஆண்டில் அமெரிக்கா சென்று, நாஸ்கார் எனப்படும் பந்தயங்களுள் சரக்கூர்தி வகைத் தொடரில் ஓட்டினார். அத்தொடரின் பார்வையாளர்கள் தம் வாக்குகளால் தம் மனங்கவர்ந்த ஓட்டுநராக அவரைத் தேர்ந்தனர். அவ்வாண்டிலேதான் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக், பார்முலா ஒன்னில் ஓட்டிய இரண்டாம் இந்தியரானார். அவருடைய பாட்டனார் மேற்கூறிய கழகத்தின் நிறுவனர்களுள் ஒருவர். இதுவரை பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய இந்தியர் இவ்விருவரே, இருவரும் தமிழ்நாட்டினர்.

2011ஆம் ஆண்டில் நரேன் பார்முலா ஒன்னுக்கு மீண்டார். இடம் தந்தது ஹிஸ்பானியா என்னும் சிறு குழு. அதன் காரே அன்றைய கார்களுள் மிக மெதுவானவற்றுள் ஒன்று. தகுதிச் சுற்றில் முதல்வரின் நேரத்தில் 107 விழுக்காட்டுக்குள் ஓட்டாதவர் பந்தயத்தில் இறங்கலாகாது என்பது விதி. 2011, 2012 ஆகிய ஈராண்டுகளிலும் மெல்போர்னில் அவ்வெல்லையைத் தொட அக்காரால் இயலவில்லை. பாதி உலகைக் கடந்து சென்றவர் பார்வையாளராக நின்றார். 48க்கும் 46க்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே. 2011ஆம் ஆண்டின் நடுவில் அவர் இடத்தை டேனியல் ரிக்கியார்டோ என்னும் இளைஞருக்கு அளித்தனர். எனினும் அக்டோபர் 30ஆம் நாள், நம் நாட்டில் முதன்முறையாகப் பார்முலா ஒன் பந்தயம் தில்லியை அடுத்த நொய்டாப் பகுதியில் நடந்தபோது, நரேனும் ஓட்டினார். முடிவில் அவர் பதினேழாமவர். அதே காரை ஓட்டிய ரிக்கியார்டோ பதினெட்டாமவர். அந்த ரிக்கியார்டோ பின்னாளில் எட்டுப் பந்தயங்களை வென்ற பெருவீரர் என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுதல் நலம். ஒருநாள் முடிவை வைத்து ஒருவரை மற்றவரினும் பெரியவர் என்னல் பொருந்தாது. பதினேழு என்னும் எண்ணுக்குள் என்ன இருந்தது என்பதை அறியவே இதனைக் கூறினேன்.

மலேசியாவின் செபாங் தடத்தில் 2012ஆம் ஆண்டு மார்ச்சில் பெருமழை பெய்தது. கடைநிரையில் நின்ற நரேன் தொடக்கத்திலேயே பெருமழைக்குரிய டயரைப் பூட்டியிருந்தார். மற்றையோர் டயர் மாற்ற ஒதுங்க ஒதுங்க, இவர் முன்னேறினார். வெள்ளம் மிகுந்து பந்தயத்தை இடைநிறுத்தியபோது பத்தாம் இடத்தில் இருந்தார். தடம் உலர்ந்ததும் விரைவுமிக்க கார்கள் ஒவ்வொன்றாய்க் கடந்து சென்றன. அவ்வாண்டின் முடிவில் ஹிஸ்பானியாக் குழுவே மறைந்தது. நரேனின் பார்முலா ஒன் வாழ்வும் அத்துடன் நின்றது.

தொழில் நிற்கவில்லை. 2014 முதல் 2018 வரை ஐந்தாண்டுகள் சப்பான் நாட்டின் சூப்பர் பார்முலாத் தொடரில் ஓட்டினார். பின்னர் அந்நாட்டின் சூப்பர் ஜி.டி. தொடருக்கு மாறி, ஹோண்டா காரில் ஏறினார். 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பூஜி மலையடிவாரத்துத் தடத்தில், செருமனியின் பந்தயக் கார்களும் சப்பானின் பந்தயக் கார்களும் ஒருங்கே மோதிய சிறப்புப் போட்டி இருநாள் நடந்தது. இரண்டாம் நாள் பந்தயத்தில் முதலாவதாக எல்லைக்கோட்டைக் கடந்தவர் நரேன் கார்த்திகேயன். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.