வீட்டினுள் முயல் வளர்த்தல்

காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் பகற்பொழுதில் செல்வோர் தறியோசை கேட்பது வழக்கம். அவ்வோசை கேட்கும் வீடுகள் சிலவற்றில் இக்காலத்தில் கூடத்துத் தூணருகே வெள்ளை முயலொன்று காதைச் சாய்த்துப் படுத்திருப்பதையும் காணலாம். சிறுவர்கள் வேண்டிக் கேட்க, பெற்றோர் சந்தையிலோ கடையிலோ வாங்கி வந்தது அது. சுற்றுக் கிராமங்களில் நிலமுடையோர் இல்லங்களிலும் இவ்வழக்கம் பரவி வருகிறது. வாங்குவது எளிது, தை மாதத்தில் வாங்கிய முயலை வைகாசி கடக்கும்வரை காப்பாற்றுவது அவ்வளவு எளிதன்று. தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்தவர்களும் முயலை இழந்துவிடுகிறார்கள். காரணம் யாதெனில், மாட்டைக் குறித்து நாம் அறிந்தவற்றுள் ஒரு பாதி முயலுக்குப் பொருந்தும், மற்றொரு பாதி பொருந்தாது. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு உதவியாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். கடலை பறிக்கும்போதும் நெல்லறுக்கும்போதும் வரப்போரத்தில் அகப்படும் குட்டி காட்டு முயலின் குட்டி. கடையில் விற்கும் வீட்டு முயல் வேறு இனம்; ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் குழிமுயலிலிருந்து மனிதராற் பழக்கப்பட்டு வந்தது. தமிழில் இரண்டிற்கும் ஒரே பெயர் வழங்குவதால் மயக்கம் நேர்கிறது. குழிமுயல் வளை தோண்டி, மயிரில்லாமலும் கண் திறவாமலும் குட்டிகளை ஈனும். பத்து நாள் அளவில் அவை கண் திறக்கும். காட்டு முயலோ வளை தோண்டாது. அதன் குட்டி பிறக்கும்போதே மயிருடனும் திறந்த கண்களுடனும் புல்லில் கிடக்கும். தாய் நாளில் பெரும்பகுதியும் குட்டியை விட்டு விலகியிருந்து, இருளில் வந்து பாலூட்டிச் செல்லும். ஆகவே தனியே கிடக்கும் குட்டி தாயற்ற குட்டியென்று இரங்கி வீட்டிற்குக் கொண்டுவருவது, அதனைத் தாயிடமிருந்து பிரிப்பதாகவே முடியும். அவ்வாறு கொண்டுவரப்பட்டவற்றுள் பிழைப்பவை மிகச் சில. அன்றியும், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பதும் வேட்டையாடுவதும் குற்றமாகும். அறுவடைக்கு ஆள் வைப்போரும் இயந்திரம் இறக்குவோரும், குட்டி கண்ணிற் பட்டால் அருகிலுள்ள வரப்புப் புதரில் விட்டுவிடும்படி முன்னதாகவே சொல்லி வைப்பது நன்று. கிராம அதிகாரிகள் இதனை ஊர்க்கூட்டத்தில் ஒருமுறை அறிவித்தால் பயனுண்டு.

வீட்டு முயலை வாங்குவோர் எட்டு வாரம் நிரம்பாத குட்டியை வாங்கலாகாது. கைக்குள் அடங்கும் குட்டியே அழகென்று எண்ணி, பால் மறவாததை வாங்கி ஒரு வாரத்தில் இழப்பவர் பலர். செங்கற்பட்டு மாவட்டத்துக் காட்டுப்பாக்கத்தில் (2019-ஆம் ஆண்டு வரை இது காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது) தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை உள்ளது. இத்தகைய நிலையங்களில் நல்ல முயல்கள் எவ்வாறிருக்கும் என்பதைக் கண்டறியலாம். ஆனால் ஒன்று நினைவிலிருக்கட்டும். பண்ணை முறை இறைச்சிக்கும் உரோமத்திற்கும் ஏற்பட்டது. சில மாதங்களில் விற்கப்படும் முயலுக்குப் போதுமான கம்பிக்கூடு, எட்டுப் பத்தாண்டு வீட்டில் வாழப்போகும் முயலுக்குப் போதாது. கம்பித் தளத்தில் நெடுநாள் நிற்கும் முயலுக்குப் பின்னங்கால் அடியிற் புண் உண்டாகும். மலைநாட்டு அங்கோரா இனத்தைச் சமவெளிக்குக் கொண்டுவருவதும் தகாது. அதன் நீண்ட உரோமமே இங்கு அதற்குப் பகையாகும்.

சமவெளியில் முயலுக்கு நேரும் முதற்பெரும் ஆபத்து வெயில். முயலுக்கு 15 முதல் 25 டிகிரி செல்ஸியஸ் வரையிலான சூடு இதமானது. 30 டிகிரியைத் தாண்டினால் துன்புறத் தொடங்கும். காஞ்சிபுரத்தில் அக்கினி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தொடுவது புதிதன்று. முயலுக்கு மனிதரைப்போல் வியர்வை வடியாது. காதுகளின் இரத்தக் குழாய்களின் வழியே உடற்சூட்டை வெளியேற்றுவதே அதன் முக்கிய உபாயம். காற்றே உடலினும் சூடாகிவிட்டால் அவ்வுபாயமும் பயன்படாது.

நாம் அறிந்த ஒரு நெசவாளர் இல்லத்தில் மொட்டை மாடியில் கல்நார்த் தகட்டுக் கூரையின் கீழ் கூடமைத்து முயல் வைத்திருந்தார்கள். நிழலிருக்கிறது, தண்ணீரிருக்கிறது, போதும் என்று எண்ணினார்கள். வெயிலில் வருந்தும் மாடு இரைக்கும், நுரை தள்ளும், கத்தும். ஆகவே முயலுக்கும் ஏதேனும் நேர்ந்தால் தெரிந்துவிடும் என்பது வீட்டுப் பெரியவரின் எண்ணம். முயல் சத்தமிடவில்லை. மாலை மூன்று மணிக்குத் தண்ணீர் மாற்றச் சென்ற சிறுமி அது கால் நீட்டிக் கிடப்பதைக் கண்டாள். வேட்டையாடப்படும் பிராணியாதலால் நோயையும் வலியையும் மறைத்துக்கொள்வது முயலின் இயல்பு. மாட்டு அனுபவம் பொருந்தாத இடம் இதுவே.

அடுத்து வந்த முயலை அவ்வீட்டார் உள்ளேயே வைத்தார்கள். அது தானாகவே இடம் தேர்ந்துகொண்டது. குழித்தறியின் பள்ளத்தருகே தரை எப்போதும் குளிர்ந்திருக்கும். நண்பகலில் அங்கே சென்று வயிறு தரையிற் படியப் படுத்துவிடும். ஓட்டு வீடும் முற்றமும் உடையவர்களுக்கு இவ்வகையில் வசதி அதிகம். மாடி வீட்டார் தரைத்தளத்து உள்ளறையை ஒதுக்கி, கடப்பைக் கல்லொன்றைப் போட்டு, சாளரத்தில் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு, காற்று உட்புகச் செய்யலாம். குளிர்பெட்டியில் உறைய வைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியிற் சுற்றிப் பக்கத்தில் வைப்பதும் நல்லது. மூச்சு வாங்கி, காது சூடேறித் தளர்ந்த முயலைத் தண்ணீரில் முக்கலாகாது, அதிர்ச்சியால் இறக்கும். காதுகளைக் குளிர்ந்த நீரால் மெல்ல நனைத்து, காற்றோட்டத்தில் வைத்து, மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

தறி வீட்டுக்கென்று தனியான ஆபத்து ஒன்றுண்டு. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. முன்பல் ஆண்டொன்றுக்குப் பத்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் வளரும். எதையாவது கடித்து அரைத்துக்கொண்டிருந்தாலன்றிப் பற்கள் தேயா. எனவே பாவு நூலும், ஊடைத் தாரிலிருந்து தொங்கும் இழையும், மின்கம்பியும் அதற்கு ஒன்றே. ஓர் இரவில் பாவை அறுத்தால் நெசவாளருக்கு எத்தனை நாள் கூலி நஷ்டம் என்பதை அவரே அறிவார். முயலுக்கு நேரும் கேடோ உயிரைப் பற்றியது. முயலால் வாந்தியெடுக்க முடியாது. விழுங்கிய பட்டிழையும் ஜரிகையும் திரும்ப வழியின்றிக் குடலில் தங்கும். தறியுள்ள அறைக்கும் முயலுள்ள இடத்திற்கும் இடையே முழங்காலுக்கு மேல் உயரமான மரத்தடுப்பு வைப்பதும், இரவில் கழிவு நூலைப் பெருக்கி அகற்றுவதும், கம்பிகளைக் குழாயிற் செலுத்துவதும் கட்டாயமான காரியங்கள்.

மேற்சொன்ன இரண்டாவது முயல் ஒருநாள் இழை தின்றுவிட்டது. கண்டுபிடித்தவர் வீட்டுப் பாட்டியார். விடியற்காலையில் பெருக்கும்போது மூலையில் வழக்கமான புழுக்கைகள் இல்லை. “நேற்றிரவு இது ஒன்றும் தின்னவில்லையா?” என்று கேட்டார். பசுவின் சாணத்தைப் பார்த்தே அதன் ஜீரணத்தை அறியும் பழக்கம் அவருக்கு. பொருந்தும் பாதி என்று முன்னர்க் கூறியது இதைத்தான். காலை எட்டு மணிக்குள் மருத்துவரிடம் சேர்த்ததால் அது பிழைத்தது. பன்னிரண்டு மணி நேரம் முயல் தின்னாமலோ புழுக்கையிடாமலோ இருந்தால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது கூடாது. குடல் அசைவு நின்றபின் வாயு நிறைந்து வலி மிகும். வலியால் மேலும் தின்னாது. குடல் அடைபட்டுள்ளதா என்பதை மருத்துவர் பாராமுன் வலிந்து ஊட்டுவதும் தவறு.

இனித் தீவனம். தீவனத்தில் பெரும்பங்கு புல்லாகவே இருத்தல் வேண்டும். அதுவும் எந்நேரமும் முன்னே இருத்தல் வேண்டும். அறுகம்புல், கொழுக்கட்டைப்புல் ஆகியவற்றை நிழலில் உலர்த்திச் சேமித்தால் கோடைக்கும் உதவும். மருந்து தெளித்த வயலின் வரப்புப் புல்லும், சாலையோரப் புல்லும் விலக்கத்தக்கவை. வைக்கோல் படுக்கைக்கு நன்று, உணவாகப் போதாது. பயறுவகைத் தீவனங்களுள் ஒன்றிற்கு நம் உழவர்கள் முயல் மசால் என்றே பெயர் வழங்குகின்றனர். வேலி மசாலும் அகத்தியும் குதிரை மசாலும் அதனோடு சேர்ந்தவை. இவை வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஏற்றவை. வளர்ந்த முயலுக்கு நாள்தோறும் மிகுதியாகக் கொடுத்தால், இவற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் வண்டலாகப் படியும். முசுக்கொட்டை இலையை முயல் விரும்பித் தின்னும். காஞ்சிபுரத்துத் தறிக்குப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருவதாயினும், கொல்லையில் இரண்டு முசுக்கொட்டைச் செடி வைப்பதற்குத் தடையில்லை.

கடையில் விற்கும் குச்சித் தீவனம் உடல் எடை கிலோ ஒன்றுக்கு நாளைக்கு 25 கிராமுக்கு மேற்படலாகாது. மாட்டுக்குக் கஞ்சியும் தவிடும் புண்ணாக்கும் வைத்துப் பழகிய கை, முயலுக்கும் சோறு வைக்கும். மிளகும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லியை முயலுக்குப் பிட்டுப் போட்ட அன்பர் ஒருவரையும் யாம் கண்டதுண்டு! மாவுப்பண்டம் முயலின் பெருங்குடலிற் புளித்துக் கழிச்சலை உண்டாக்கும். காரட்டுக் கிழங்கும் சர்க்கரை மிகுந்ததாதலால் ஒரு துண்டுக்கு மேல் வேண்டுவதில்லை. அதன் தழை நல்லது. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குத் தழை, எருக்கு, ஆமணக்கு, உண்ணிச்செடி ஆகியன ஆகா. கோயில் நகரத்தார்க்கு ஒரு வார்த்தை: சுவாமி பிரசாதமாக வந்த மாலையைத் தாழ்ந்த ஆணியில் மாட்டி வைக்கலாகாது. அதில் அரளி இருக்கும். அரளி கொடிய நஞ்சு. தண்ணீரைக் கனத்த மண்சட்டியில் வைக்க வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள முயல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லி நீர் பருகும், கோடையில் இன்னும் மிகுதி.

முயல் தன் மலத்தைத் தானே தின்கிறதென்று அஞ்சி மருந்து கேட்போர் உண்டு. அஞ்ச வேண்டுவதில்லை. உலர்ந்த உருண்டைப் புழுக்கை வேறு. இரவிலும் விடியலிலும் கொத்தாக வெளிவரும் மெல்லிய புழுக்கை வேறு. பின்னதை முயல் நேரே வாயில் வாங்கி விழுங்கி, அதிலுள்ள உயிர்ச்சத்துக்களையும் புரதத்தையும் பெறுகிறது. மாடு அசைபோடுவதற்கு ஒப்பான செயலென்று இதைக் கொள்ளலாம்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பு தேவை. வீட்டிலிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது முயலிடம் செல்லாது. அமாக்ஸிஸிலின், ஆம்பிஸிலின் முதலியவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் குடலிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிர்கள் அழிந்து முயலே மாண்டுபோகும். நாய்க்கு உண்ணி போக்க வாங்கிய ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு ஆகாது. காதினுள் பழுப்பு நிறப் பொருக்குப் படிந்து தலையை உதறினால் அது காதுச் சொறி. பொருக்கைப் பெயர்க்காமல் மருத்துவரிடம் காட்டினால் எளிதிற் குணமாகும். மயிர் உதிர்ந்து வட்டமாகத் தடித்தால் படர்தாமரையாயிருக்கலாம்; அது சிறுவர்களுக்கும் தொற்றும்.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. மார்பின் கீழ் ஒரு கையும் பின்புறத்தின் கீழ் ஒரு கையும் வைத்துத் தூக்க வேண்டும். பின்பாகம் தாங்கப்படாவிட்டால் அது உதைக்கும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியும். ஆகவே சிறு குழந்தைகள் தரையில் அமர்ந்து, முயல் தங்களிடம் வரும்வரை காத்திருக்கப் பழகவேண்டும். அவ்வாறு காத்திருப்பவர்க்குக் கிடைக்கும் மகிழ்ச்சி சிறிதன்று. பழகிய முயல் மாலையில் கூடத்தில் ஓடி, திடீரென்று ஆகாயத்தில் துள்ளி உடலை முறுக்கித் திரும்பும். அது அதன் களிப்பு. தலையை வருடினால் பற்களை மெல்ல நறநறக்கும். தூணிலும் மனிதர் காலிலும் தாடையைத் தேய்த்துத் தன் உடைமையென்று குறியிடும். அந்நியர் வந்தால் பின்னங்காலால் தரையை ஓங்கி அறையும். ஒரே மூலையிற் கழிக்கும் பழக்கமுடையதாதலால், அம்மூலையில் வைக்கோலும் காகிதமும் இட்ட தட்டை வைத்தால் வீடு தூய்மையாயிருக்கும். சேரும் புழுக்கை மல்லிகைச் செடிக்கு நேரே இடத்தக்க எரு.

முயல் தனிமையை விரும்பாது. இரண்டு வளர்ப்போர் கிடாவுக்கும் பெட்டைக்கும் கருத்தடைச் சிகிச்சை செய்வித்து, பத்தடிக்கு ஆறரையடி இடமேனும் விடவேண்டும். இல்லையேல் ஐந்து மாதத்தில் இனப்பெருக்கம் தொடங்கி, முப்பத்தொரு நாளுக்கொருமுறை குட்டிகள் பெருகி, கொடுக்க ஆளின்றி வருந்த நேரும். சிகிச்சைக்குப் பின்னும் சில வாரம் கிடாவைப் பிரித்தே வைக்க வேண்டும். சிகிச்சை பெறாத பெட்டைக்கு வயது முதிர்ந்தபின் கருப்பையிற் புற்று உண்டாவது சாதாரணம்.

வரதராஜர் கோயிலில் கருட சேவை நடக்கும் வைகாசியில் ஊரே வெளியில் நிற்கும். வாணமும் மேளமும் இரவெல்லாம் முழங்கும். அச்சமே முயலைக் கொல்லவல்லது. அந்நாட்களிலும் தீபாவளியிலும் அதனை உள்ளறையில் புல்லும் நீரும் வைத்துக் கதவைச் சாத்தி, ஒருவர் வீட்டில் தங்குவது நன்று. வெளியூர் செல்வோர் முயலைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்த அண்டை வீட்டாரிடம் தீவனத்தைக் கொடுக்கும்போதே, காலையில் தட்டில் புழுக்கை இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லிச் செல்ல வேண்டும்.