அஞ்சா விலங்குகளும் படக்கருவியும்

முன்னுரை

காட்டு விலங்கைப் படமெடுக்கச் செல்பவன் முதலில் கற்க வேண்டிய கலை, மறைந்திருத்தல் ஆகும். புதர் மறைவில் அமர்தலும், காற்றின் திசையறிந்து நடத்தலும், மணிக்கணக்கில் அசையாதிருத்தலும் இத்துறையின் அரிச்சுவடி. ஆனால் இந்த அரிச்சுவடி சிறிதும் வேண்டப்படாத இடமொன்று உலகில் உண்டு. பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டின் இருபுறமும் சிதறிக் கிடக்கும் காலபாகஸ் தீவுகளே அவ்விடம். அங்கே மனிதனைக் கண்டு பறவை பறப்பதில்லை. கடற்சிங்கம் உறக்கம் கலைந்து ஓடுவதில்லை. அத்தீவுகளுக்குச் சிறு குழுக்களாகச் சென்று படமெடுக்கும் முறை எவ்வாறு அமைந்துள்ளது, அது ஏன் அவ்வாறு அமைந்தது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

அச்சம் அறியாமைக்குக் காரணம்

காலபாகஸ் தீவுகள் ஈக்வடார் நாட்டிற்கு உரியவை. அதன் கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளவை. அவற்றுள் பெரியவை 13. இவை கடலடி எரிமலைகளால் உண்டானவை. எக்காலத்தும் கண்டத்தோடு இணைந்திருந்தவை அல்ல. எனவே பறந்தோ, நீந்தியோ, மிதக்கும் மரக்கட்டைகளைப் பற்றிக்கொண்டோ வந்த உயிர்களே அங்குக் குடியேறின. தரையில் வேட்டையாடும் ஊனுண்ணிப் பாலூட்டி ஒன்றுகூட அங்கு இயற்கையாக வந்து சேரவில்லை. துரத்துவார் இல்லாத நிலத்தில் ஓட வேண்டிய தேவையும் இல்லை. ஆகவே தரைவழி வரும் பகையை அஞ்சும் இயல்பு அவ்வுயிர்களிடம் வளரவில்லை.

1835-ஆம் ஆண்டு பீகிள் கப்பலில் வந்த சார்லஸ் டார்வின், மரக்கிளையில் இருந்த பருந்தொன்றைத் தம் துப்பாக்கியின் முனையாலேயே தள்ளியதாக எழுதியுள்ளார். நீருண்ண வரும் புறாக்களைக் கிணற்றருகே அமர்ந்து சிறு கோலால் அடித்து வீழ்த்திய சிறுவன் ஒருவனையும் அவர் கண்டார். அஞ்சாமை அவ்வுயிர்களுக்கு அழகு தந்தது, அழிவையும் தந்தது. மனிதரோடு வந்த நாய், பூனை, எலி, ஆடு ஆகியவை பின்னர்ப் பெருங்கேடு விளைத்தன.

சிறு குழு ஏன்?

1959-இல் ஈக்வடார் அரசு இத்தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. நிலப்பரப்பில் ஏறத்தாழ 97 விழுக்காடு இப்பூங்காவுக்குள் அடங்கும். 1978-இல் யுனெஸ்கோ முதன்முதலாக வெளியிட்ட உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. 1968-இல் வெளிவந்த எலியட் போர்ட்டர் என்னும் அமெரிக்கரின் படநூலும், சிறுவயதிலேயே பெற்றோருடன் அங்குக் குடியேறி வளர்ந்த டூயி டி ராய் அம்மையார் 1980 முதல் வெளியிட்ட படநூல்களும் இத்தீவுகளின் எழிலை உலகறியச் செய்தன. படங்களைக் கண்டோர் நேரிற் காண விழைந்தனர். கூட்டம் பெருகியது, கட்டுப்பாடும் வேண்டியதாயிற்று.

இன்று பூங்காவின் இடங்களில் உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி எவரும் இறங்க இயலாது. ஒரு வழிகாட்டியின்கீழ் 16 பேருக்கு மேல் செல்லலாகாது. குறியிட்ட பாதையை விட்டு விலகலாகாது. விலங்கிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி நிற்றல் வேண்டும். பிளாஷ் ஒளி கூடாது. ஆளில்லாச் சிறு விமானத்தைப் பறக்கவிடுதலும் கூடாது. தங்கும் வசதியுள்ள சுற்றுலாக் கப்பல் ஒன்று, ஒரே இடத்திற்கு 14 நாட்களுக்குள் மீண்டும் வருதல் ஆகாது. தீவுகளுக்குச் செல்வோரின் பெட்டிகளில் விதை, பழம், பூச்சி உள்ளனவா என்று சோதிக்கின்றனர்.

இவற்றைத் தடைகள் என்று எண்ணுதல் பிழை. மக்கள் நெருங்கி நிற்கும் பாதையில் பின்வரிசையில் நிற்பவனுக்கு முன்னால் இருப்பவரின் முதுகே காட்சியாகும். குழு சிறிதாயின் ஒருவர் மண்டியிட்டுப் படமெடுத்தபின் விலகி, அடுத்தவருக்கு இடம் தரலாம். ஒரே பறவையின் அருகில் அரை மணிநேரம் காத்திருக்கவும் இயலும். விலங்கைக் காக்கும் விதியே படத்தையும் காக்கிறது.

படமெடுக்கும் முறை

விலங்கு அருகிலேயே இருப்பதால் மிக நீண்ட டெலிபோட்டோ லென்ஸ் எப்போதும் தேவைப்படுவதில்லை. வேண்டுவது தாழ்ந்த பார்வை. நின்றவாறே கீழ்நோக்கி எடுத்த படத்தில் விலங்கு சிறுத்துத் தோன்றும். அதன் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து எடுத்தால் அதன் உலகம் புலனாகும்.

கரிய எரிமலைப் பாறை ஒளிமானியை ஏமாற்றும். காட்சி முழுதும் இருளென்று கருதி, அது மிகுந்த ஒளியைக் கருவிக்குள் விடும். அதனால் பாறைமேல் அமர்ந்த வெண்பறவையின் இறகுகள் வெளிறிப்போகும். ஆகவே ஒளியளவைச் சற்றுக் குறைத்தே அமைத்தல் வேண்டும். நிலநடுக்கோட்டில் கதிரவன் செங்குத்தாக மேலேறுவதால் இளங்காலை, மாலை ஒளி விரைவில் மறையும். கரைக்குச் செல்லும் சிறு ரப்பர்ப் படகில் ஆட்டம் மிகுதி. அங்கு ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காக வைத்தல் நலம்.

பருவமும் அறிதல் வேண்டும். எஸ்பனோலாத் தீவில் கூடமைக்கும் அல்பட்ராஸ் பறவைகளை ஏப்ரல் முதல் டிசம்பர் வரை காணலாம். அதன்பின் அவை கடலுக்குச் சென்றுவிடும். பறக்கும் ஆற்றலை இழந்த நீர்க்காகத்தைக் காண விரும்புவோர் மேற்கே பெர்னாண்டினா, இசபெலாத் தீவுகளுக்குத்தான் செல்ல வேண்டும்.

அமைதி என்னும் மயக்கம்

இனி ஒரு முதன்மையான வினா. விலங்கு ஓடவில்லையெனின், நம்மால் அதற்குத் துன்பம் இல்லையென்று கொள்ளலாமா?

கடலில் மூழ்கிப் பாசியை மேயும் ஒரே பல்லியினம் அங்குள்ள கடல் இகுவானா. பயணிகள் மிகுதியாக வரும் இடத்து இகுவானாக்களையும் வராத இடத்து இகுவானாக்களையும் ரொமேரோ, விகெல்ஸ்கி என்னும் அறிஞர் இருவர் ஒப்பிட்டு 2002-இல் ஆய்வு வெளியிட்டனர். இயல்பு நிலையில் இரண்டின் குருதியிலும் இடர்க்கால ஹார்மோன் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் பிடித்து வைத்தபோது, பயணிகளைக் கண்டு பழகியவற்றில் அந்த ஹார்மோன் குறைவாகவே உயர்ந்தது. இஃது அவற்றிற்கு நன்மையா தீமையா என்பது வேறு. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் வெயில்காயும் இரு விலங்குகளின் உள்ளுடல் வேறுபட்டிருந்தது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

மற்றொன்றும் உண்டு. 2001 ஜனவரியில் ஜெசிகா என்னும் எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் தீவருகே தரைதட்டியது. சாந்தா ஃபே தீவின் கரையில் எண்ணெய் சிறிதளவே படிந்தது. விலங்குகள் உடனே மடியவில்லை. ஆயினும் அடுத்த ஓராண்டிற்குள் அங்கிருந்த கடல் இகுவானாக்களில் 62 விழுக்காடு மாண்டன. எண்ணெய் கரையை அடைந்த நாட்களில் அவற்றைப் படமெடுத்திருந்தால், அப்படங்களில் பல நலமுள்ள விலங்குகளையே காட்டியிருக்கும். படம் பொய் சொல்வதில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்வதில்லை.

எனவே அஞ்சாமையை இசைவு என்று கொள்ளல் ஆகாது. நம்மை அது நம்புகிறது என்பதும் நம் கற்பனையே. அஞ்சுவதற்கு அதன் முன்னோர் கற்கவில்லை என்பதே உண்மை. மற்ற காடுகளில் விலங்கு தானே ஓடி, நமக்கு எல்லை வகுக்கிறது. இங்கு அந்த எல்லையை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். அதுவே அந்த 2 மீட்டர்.

முடிவுரை

விதிகளுக்கு உட்பட்ட படக்கருவி அறிவியலுக்கும் துணைபுரிகிறது. டார்வின் தீவருகே வரும் திமிங்கலச் சுறாக்களின் உடற்புள்ளிகள் ஒன்றிற்கு இருப்பதுபோல் மற்றொன்றிற்கு இருப்பதில்லை. நீரில் மூழ்குவோர் எடுக்கும் படங்களைக் கொண்டு, வந்தது எந்தச் சுறா என அறிஞர் அடையாளம் காண்கின்றனர்.

விலங்கை அணுகும் திறமையே படக்கலையின் உயர்வு என்று பலர் கருதுவர். காலபாகஸில் அத்திறமைக்கு வேலையில்லை. அங்குக் கை நீட்டினால் தொடலாம், நீட்டாதிருப்பதே கலை. விலங்கியல் பயிலும் மாணவர் இவ்வேறுபாட்டை உணர்வாராயின், எந்தக் காட்டிற்குச் சென்றாலும் அவர் எடுக்கும் படத்திற்காக ஓர் உயிரும் துன்புறாது.